மூன்று சிகரங்கள், ஒரு நாள்: நிதிக்காக மலையேறுவோரும் நோயாளியின் குடும்பமும் அறியவேண்டியவை

வேனிற்காலம் நெருங்கியதும் பிரிட்டனின் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் ஒருவகை அறிவிப்பு தென்படத் தொடங்கும். ஓர் ஊரின் ரக்பிக் கழகமோ கிரிக்கெட் கழகமோ தன் உறுப்பினர் பத்துப் பன்னிருவரை மலையேற அனுப்புகிறது என்றும், அதன்வழித் திரளும் பணம் புற்றுநோய்ப் பிரிவுக்கோ குழந்தைகள் பிரிவுக்கோ வழங்கப்படும் என்றும் அதில் எழுதியிருக்கும். ஏறப்போகிறவர் உங்கள் மகனாக இருக்கலாம். உங்களுடன் பணிபுரிபவராக இருக்கலாம். சில வேளைகளில், அந்தப் பயணத்துக்குக் காரணமான நோயாளி நீங்களாகவே இருக்கலாம்.

இத்தகைய முயற்சிகள் அன்பில் பிறப்பவை. ஆயினும் மலையில் அன்பு மட்டும் போதாது. கணக்கும் கவனமும் வேண்டும். பணத்தைக் கையாள்வதிலும் நோயாளியின் பெயரைப் பயன்படுத்துவதிலும் அதே கவனம் வேண்டும். இவற்றுள் மிகுதியாக நடைபெறும் மூன்று சிகரச் சவாலை எடுத்துக்கொண்டு, அதில் என்ன நிகழ்கிறது, ஏறுவோரின் உடலுக்கு என்ன நேர்கிறது, நோயாளியும் குடும்பத்தினரும் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சவால் என்பது யாது?

ஸ்காட்லாந்தின் உயரமான மலை பென் நெவிஸ். அதன் உயரம் 1345 மீட்டர். இங்கிலாந்தின் உயரமான மலை ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர். வேல்ஸின் உயரமான மலை ஸ்னோடன். வெல்ஷ் மொழியில் அர் வித்வா எனப்படும் அதன் உயரம் 1085 மீட்டர். இம்மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்குவதே மூன்று சிகரச் சவால். ஒரு மலையடியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் பயண நேரமும் அந்த 24 மணிக்குள் அடங்கும்.

உயரத்தை மட்டும் நோக்கினால் இவை சிறிய மலைகளே. மூச்சுத்திணறலும் தலைவலியும் தரும் உயர்மலை நோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில்தான் தோன்றும். ஆகவே இங்கு அதற்கு இடமில்லை. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவுக்கு நிதிதிரட்டச் செல்வோர் நிலை வேறு. 5895 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. பிரிட்டனின் மலைகளில் அஞ்சத்தக்கவை குளிர், காற்று, மூடுபனி, தூக்கமின்மை ஆகியன. அடிவாரத்தில் வெயில் அடிக்கும் நாளிலும் பென் நெவிஸின் உச்சியில் வெப்பநிலை எட்டு ஒன்பது டிகிரி குறைவாக இருக்கக்கூடும். கோடைத் தொடக்கத்திலும் அங்குப் பனித்திட்டுகள் எஞ்சியிருப்பது வழக்கம்.

இருபத்து நான்கு மணியின் கணக்கு

மலைநடைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதைக் கணிக்க, வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியை வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதனுடன் ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். நன்கு நடக்கக்கூடியவர் இடையில் ஓய்வின்றிச் செல்வதற்கான கணக்கு இது.

மூன்று மலைகளிலும் நடக்கும் தொலைவு மொத்தம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறத்தாழ 3000 மீட்டர். விதிப்படி நடைக்கு ஏழரை மணி நேரமும் ஏற்றத்துக்கு ஐந்து மணி நேரமும் ஆக, பன்னிரண்டரை மணி நேரம் தேவை. மலைகளுக்கிடையே வண்டியில் கடக்கவேண்டிய தொலைவு ஏறத்தாழ 740 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி குறுகிய மலைப்பாதை. பத்து அல்லது பதினொரு மணி நேரம் அதற்கே சென்றுவிடும். இரண்டையும் கூட்டினால் எஞ்சுவது ஒரு மணி நேரத்தை ஒட்டியே. உண்பது, உடை மாற்றுவது, கழிப்பறைக்குச் செல்வது, கொப்புளத்துக்கு மருந்திடுவது யாவும் அந்த ஒரு மணிக்குள் முடியவேண்டும்.

இக்கணக்கை நோக்கினால் இடர் எங்கே உள்ளது என்பது விளங்கும். மாலையில் பென் நெவிஸில் தொடங்கும் குழு, நள்ளிரவில் பயணம் செய்து, விடியற்காலையில் ஸ்காஃபெல் பைக்கை ஏறி, களைப்பின் உச்சத்தில் ஸ்னோடனை அடைகிறது. தாமதமான ஒரு மணி நேரத்தை மலையில் மீட்பது கடினம். ஆகவே அதைச் சாலையில் மீட்கத் தோன்றும். உறங்காமல் மலையேறியவர் வண்டி ஓட்டுவது எந்தச் செங்குத்துப் பாதையிலும் ஆபத்தானது. மலையேறாத, போதிய உறக்கம் பெற்ற இருவர் மாறிமாறி ஓட்டுவது இச்சவாலின் முதல் பாதுகாப்பு விதியாகக் கொள்ளத்தக்கது.

காலக்கெடு கட்டாயமன்று என்பதையும் நினைவிற்கொள்ளலாம். மூன்று மலைகளையும் மூன்று நாள்களில் ஏறும் கழகங்கள் உண்டு. யார்க்ஷயர் மூன்று சிகரங்கள் என்னும் மாற்றுவழியும் உண்டு. பென்-ஐ-கென்ட் 694 மீட்டர், வெர்ன்சைட் 736 மீட்டர், இங்கிள்பரோ 723 மீட்டர். இம்மூன்றும் அருகருகே இருப்பதால் வண்டிப் பயணமே தேவையில்லை. ஏறத்தாழ 39 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் நடந்து முடிப்பது வழக்கம். நன்கொடையாளர் தம் அன்பின் பொருட்டே பணம் தருகின்றனர். கடிகாரத்தைப் பார்த்துத் தருபவர் அரியர்.

உடலுக்கு என்ன நேர்கிறது?

ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன. மூச்சு வாங்கினாலும் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் ஏற்றது எனலாம். சொல்லுக்குச் சொல் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்கவேண்டும். இவ்வெளிய சோதனைக்கு எக்கருவியும் வேண்டா.

இறங்கும்போது உழைப்பது தொடைத் தசை. உடல் கீழே விழாதபடி அத்தசை நீண்டவாறே இறுகிப் பிடிக்கிறது. முழங்காலின் மீது உடல் எடையைப்போல் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. ஏற்றத்தைவிட இறக்கத்திலேயே கால்கள் தளர்வதும் தடுமாறி விழுவதும் இதனால்தான். தசைவலி உடனே தோன்றாமல், ஒரு நாள் கழித்து மிகுந்து, மூன்றாம் நாள் வரை நீடிப்பதும் இயல்பே. நடைக்கோல் இரண்டு இருப்பின் முழங்காலின் சுமை குறையும்.

குளிரின் விளைவு மெல்ல வரும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா எனப்படும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த ஆடை, பலத்த காற்று, பசி, களைப்பு ஆகியவை கூடும்போது, உறைபனி இல்லாத நாளிலும் இது நேரக்கூடும். முதலில் நடுக்கம், பின்பு பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம், முணுமுணுப்பு, எதிலும் நாட்டமின்மை. தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதை நம்பிவிடக்கூடாது. தெளிவு குன்றுவதும் இந்நிலையின் ஓர் அறிகுறியே. காற்றுப் படாத இடத்தில் அமரவைத்து, ஈர ஆடையை மாற்றி, போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்புள்ள சூடான பானம் தந்து, உதவி கோரவேண்டும். கை கால்களைத் தேய்த்துவிடுதலும் மது தருதலும் தீங்கு விளைவிக்கும்.

மருத்துவரை முன்னதாகக் கேட்கவேண்டியவர்கள்

கழகத்தில் முன்பு ஓடியாடிய பழக்கம் இன்றைய உடல்நிலைக்குச் சான்றாகாது. நடுத்தர வயதில், பல ஆண்டுகள் அமர்ந்தே பணிசெய்தவர், நீண்ட பயிற்சியின்றி இத்தகைய கடும் உழைப்பில் இறங்கக்கூடாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல் ஆகியவை என்றேனும் தோன்றியிருப்பின் மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்கவேண்டும்.

மாரடைப்புக்கோ இதய அறுவைச் சிகிச்சைக்கோ பின் மலைநடை என்றென்றும் விலக்கப்பட்டது என்று கருதவேண்டா. இதய மறுவாழ்வுப் பயிற்சியை முடித்துப் படிப்படியாக நடைக்குத் திரும்பியவர் பலர். எந்த அளவு தமக்குப் பொருந்தும் என்பதை அப்பயிற்சிக் குழுவினரிடமே கேட்டறிக. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்போருக்கு நாடித்துடிப்பு உழைப்புக்கேற்ப உயராது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், மேலே கூறிய பேச்சுச் சோதனையைக் கைக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளோர் நினைவிற்கொள்ளவேண்டியவை மூன்று. நீண்ட நடையால் சர்க்கரை குறைவது அன்றோடு நில்லாது. நடை முடிந்து பல மணி நேரத்துக்குப் பின், உறக்கத்திலும் குறையக்கூடும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது; அதைப் பையின் வெளிப்புறத்தில் வைக்காமல் உடலை ஒட்டிய உட்பையில் வைத்திருக்கவேண்டும். சர்க்கரை குறைந்தால் என்ன செய்வது என்பது உடன் நடப்பவர் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கவேண்டும்.

குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வலிப்பு நோய், ஆஸ்துமா ஆகியவை உள்ளோர் தம் மருந்தைத் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும்; அடிவாரத்து வண்டியில் விட்டுச்செல்லலாகாது.

நோயாளியைப் பேணுவோரே ஏறப்போவதாக இருப்பின் மற்றொரு கேள்வியும் எழுகிறது. பயணம் ஒரு நாளில் முடிந்தாலும் பயிற்சி பல மாதங்கள் நீளும். அந்த வார இறுதிகளில் நோயாளியுடன் இருப்பவர் யார் என்பதை முன்னரே பேசி முடிவுசெய்வது நன்று. ஏறியவர் இரண்டு நாள்களுக்கு மாடிப்படி இறங்கவே தயங்குவார். நோயாளியைத் தூக்கி அமர்த்தும் பணி அந்நாள்களில் வேறொருவருக்கு உரியதாகட்டும்.

பணம் எவ்வழியே செல்கிறது?

நிதிதிரட்டும் மலையேற்றங்களில் இரு முறைகள் உண்டு. ஒன்றில், வண்டி வாடகை, தங்குமிடம், வழிகாட்டி ஆகியவற்றின் செலவை ஏறுவோரே ஏற்பர். நன்கொடை முழுவதும் நோக்கத்துக்குச் செல்லும். மற்றொன்றில், ஒவ்வொருவரும் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் திரட்டவேண்டும். பயணச் செலவு அத்தொகையிலிருந்தே கழிக்கப்படும். எடுத்துக்காட்டாக, ஒருவர் 400 பவுண்டு திரட்டி, அதில் 150 பயணத்துக்குச் சென்றால், சேர்வது 250 மட்டுமே. இரண்டாம் முறை தவறன்று. ஆனால் பணம் தருபவர் அதை முன்னரே அறிந்திருக்கவேண்டும்.

பிரிட்டனில் வருமான வரி செலுத்துவோர் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடை அளிக்கையில் கிஃப்ட் எய்ட் உறுதிமொழியில் கையொப்பமிட்டால், 100 பவுண்டு 125 பவுண்டாகிறது. கூடுதல் தொகையை அரசு அறக்கட்டளைக்கு அளிக்கிறது. அறக்கட்டளை உண்மையானதா என்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் காணலாம். ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவேடு உண்டு. குறிப்பிட்ட ஒரு பிரிவுக்கென்றோ கருவிக்கென்றோ சொல்லித் திரட்டிய பணம் அதற்கே செலவிடப்படவேண்டும். இலக்கை எட்டாவிட்டாலோ தேவைக்குமேல் சேர்ந்தாலோ என்ன செய்யப்படும் என்பதை வேண்டுகோளிலேயே எழுதிவிடுவது முறை.

பணம் அறக்கட்டளைக்குச் செல்லாமல் நேரே ஒரு நோயாளியின் குடும்பத்துக்கு வழங்கப்படுமானால், வேறொன்றைக் கவனிக்கவேண்டும். யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெறுவோரின் சேமிப்பு 6000 பவுண்டைத் தாண்டினால் உதவி குறையும். 16,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக நின்றுவிடும். கழகத்தார் அன்போடு தந்த தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்ததும் குடும்பத்தின் மாத வருவாய் நிற்கும் நிலை வரக்கூடாது. தொகையைப் பெறுமுன் மருத்துவமனையின் சமூகநலப் பணியாளரிடமோ உதவித்தொகை ஆலோசகரிடமோ பேசிவிடுங்கள்.

உங்கள் பெயர், உங்கள் படம், உங்கள் விருப்பம்

நிதி வேண்டுகோளில் ஒரு நோயாளியின் கதை இடம்பெற்றால் நன்கொடை பெருகும் என்று கழகத்தார் எண்ணுவது இயல்பு. ஆயினும் நோயின் பெயர், சிகிச்சையின் நிலை, மருத்துவமனைப் படுக்கையில் எடுத்த படம் ஆகியவை உங்களுக்கு உரியவை. அவற்றைப் பகிர்வதா, எந்த அளவு பகிர்வது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை முடிவுசெய்யும் உரிமை உங்களுடையதே. நண்பர்களிடம் எப்படி மறுப்பது என்ற தயக்கம் பலருக்கு உண்டு. 'பெயர் வேண்டா, படம் வேண்டா. இப்பிரிவில் சிகிச்சை பெறும் ஒருவருக்காக என்று மட்டும் எழுதுங்கள்' என்று சொன்னால் போதும். உண்மையில் அன்புள்ளோர் அதனால் வருந்தார்.

குழந்தையின் படத்தைப் பகிர்வதற்குமுன், அக்குழந்தை பத்தாண்டு கழித்து அதைக் காணும் என்பதையும் எண்ணவேண்டும். புரிந்துகொள்ளும் வயதாயின் குழந்தையையும் கேளுங்கள். மேலும், பிறர் உங்களுக்காக மலையேறுகின்றனர் என்பதால் நீங்கள் நலமடைந்து காட்டவேண்டிய கடமை எதுவும் உங்கள் மீது இல்லை. நன்றி சொல்ல உடல் இடங்கொடாத நாளில் குடும்பத்தார் ஒருவர் சொன்னால் போதும்.

மலையடி ஊர்களும் மீட்புக் குழுக்களும்

ஸ்காஃபெல் பைக்கின் உச்சி 1919ஆம் ஆண்டில், முதல் உலகப் போரில் உயிர்நீத்தோரின் நினைவாக நேஷனல் டிரஸ்ட்டுக்கு அளிக்கப்பட்டது. அதன் அடியிலுள்ள வாஸ்டேல் ஹெட் ஒரு சிற்றூர். நள்ளிரவில் வண்டிகள் வந்து நிற்பதும், கதவுகள் அறைபடுவதும், குப்பையும் மனிதக் கழிவும் பாதையோரம் கிடப்பதும் அவ்வூர் மக்களின் நெடுநாள் குறை. ஒரு நற்பணியின் சுமை அறியாதார் தோளில் விழலாகாது. குழுவைச் சிறிதாக்குதல், பகலில் வருதல், வழியிலுள்ள பொதுக் கழிப்பறைகளைப் பயன்படுத்துதல், கொண்டுசென்ற யாவற்றையும் திரும்பக் கொண்டுவருதல் ஆகியவை கழகத்தின் பொறுப்பு.

மலையில் விபத்து நேர்ந்தால் உதவிக்கு வருவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர். தம் பணியிடையே எழுந்து வருபவர்கள். 999 எண்ணை அழைத்து, முதலில் காவல்துறையையும் பின் மலை மீட்புக் குழுவையும் கேட்கவேண்டும். பேச அலைவரிசை போதாத இடத்தில் குறுஞ்செய்தி உதவும். ஆனால் அதற்குக் கைப்பேசியை முன்கூட்டியே பதிவுசெய்திருக்கவேண்டும். ஊதல் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவேண்டும்.

ஏறாதவர்களின் பங்கு

நோயாளிகள் பலருக்கு அந்நாளில் தாமும் உடனிருக்கவேண்டும் என்ற விருப்பம் தோன்றும். அதற்கு வழிகள் உள்ளன. ஸ்னோடனின் உச்சிவரை 1896ஆம் ஆண்டில் தொடங்கிய மலை இரயில் செல்கிறது. பருவமும் வானிலையும் இடங்கொடுத்தால், நடந்து வருவோரை உச்சியிலேயே எதிர்கொள்ளலாம். அங்குள்ள சுரங்கத் தொழிலாளர் பாதை, தொடக்கத்தில் அகன்று, மெல்ல ஏறி, ஓர் ஏரிக்கரையை அடைகிறது. சிறிது நடக்கக்கூடியவர் தம் மருத்துவரின் இசைவோடு அதுவரை சென்று திரும்பலாம். ஸ்காஃபெல் பைக் அமைந்த ஏரி மாவட்டத்தில் சக்கர நாற்காலியில் செல்வதற்கேற்ற பாதைகள் தனியே குறிக்கப்பட்டுள்ளன.

வீட்டிலிருந்தே ஆற்றத்தக்க இன்றியமையாத பணி ஒன்றும் உண்டு. குழு எந்த வழியே செல்கிறது, எத்தனை மணிக்கு இறங்கவேண்டும் என்னும் விவரங்களை எழுதி வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் உதவி கோருபவர் ஒருவர் வேண்டும். படுக்கையில் இருப்பவரும் இதைச் செய்யலாம். பல தேடுதல்கள் விரைவில் முடிவதற்கு இப்படி வீட்டில் விழித்திருந்தவரின் ஒரு தாளே துணைசெய்கிறது.

கழகத்தாரிடம் கேட்கவேண்டிய ஏழு கேள்விகள்

1. மலையேறாத ஓட்டுநர்கள் எத்தனை பேர்? அவர்கள் எப்போது உறங்குவர்?

2. எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிடுவது என்று முடிவாகியுள்ளதா? அதை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு?

3. குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யார்? அவருடன் இறுதிவரை இருப்பவர் யார்?

4. வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கத் தெரிந்தவர் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிறாரா?

5. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது குழுத்தலைவருக்குத் தெரியுமா?

6. திரளும் பணத்தில் எவ்வளவு பயணச் செலவுக்குச் செல்லும்?

7. நோயாளியின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த எழுத்து வடிவில் இசைவு பெறப்பட்டதா?

இவற்றுள் இரண்டாம் கேள்வியே முதன்மையானது. உச்சி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கையில், 'அவருக்காக வந்தோம், பாதியில் திரும்பலாமா?' என்ற எண்ணமே குழுவினரைத் தவறான முடிவுக்குத் தள்ளும். திரும்பி வந்தாலும் நன்கொடை குறையாது. தந்தவர் எவரும் அதைத் திரும்பக் கேட்பதில்லை. ஆகவே, அவர்கள் புறப்படுவதற்கு முந்தைய நாள், உங்கள் வாயாலேயே ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்: 'வானிலை சரியில்லை என்றால் இறங்கிவிடுங்கள், எனக்கு அது போதும்.' நோயாளி சொல்லும் அந்தச் சொல்லுக்கு, மலைமேல் குழுத்தலைவரின் கட்டளையைவிட மதிப்பு மிகுதி.